இடக்கைக்கு வேலை கொடுக்காதவள்

திருப்புலிவனத்தில் செங்கேணி பேர்போன வாய்க்காரி. அவள் நடவுக்கு இறங்கினால் மேஸ்திரியே நாலடி தள்ளித்தான் நிற்பார். அப்பேர்ப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் பன்னிரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. பயம்.

புருஷன் பாண்டுரங்கனுக்கு மூளையில் கட்டி. வேகமாக வளர்கிற ரகமாம். சென்னையில் ஆபரேஷன் செய்து எடுத்தது போக மிச்சம் உள்ளேயே இருக்கிறது. அதற்கு ரேடியேஷன் தர வேண்டும், ஊர்ப்பேச்சில் கரண்ட் வைப்பது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. செங்கேணியைத் தனியாகக் கூப்பிட்டு, "கை கால் இழுத்தாலோ வலுவு கொறஞ்சாலோ தேதிக்குக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே வந்துடுங்க," என்றும் சொன்னார்.

முதல் மாதம் வாந்தியோடு போயிற்று. இரண்டாம் மாதம் ஒரு காலையில் அவன் இடக்கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது.

"சூடா கீதுமே," என்றான்.

ஆமாம் என்றாள். ஆறிப்போன டீ அது.

அன்றைக்கே உத்திரமேரூர் போய் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, பாவி. மாத்திரை கேக்கலன்னு சொல்லிட்டா? அப்புறம் இன்னா கீது? அந்த வார்த்தையைக் காதால் கேட்கத் தைரியமில்லை. அதற்குப் பதிலாக, இடக்கைக்கு வேலையே வராமல் பார்த்துக்கொண்டாள். தண்ணீரை வலப்பக்கம் வைத்தாள். சட்டைப் பித்தானைத் தானே போட்டுவிட்டாள். கைலி முடிச்சு நிற்கவில்லை என்றபோது, "எளச்சிட்டேய்யா," என்று பெல்ட் வாங்கிக் கொடுத்தாள். வேலை வராத கை நல்ல கைதானே!

தேதி வந்தது. டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். வலக்கை நின்றது. இடக்கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"நேரா புடிச்சிக்கினு கீறேன் டாக்டரம்மா," என்றான், கண்ணைத் திறக்காமல்.

"எத்தனை நாளா இப்படி?"

பாண்டுரங்கன் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தான். தலை தொங்கிப் போயிற்று. "ஒரு வாரமா. அவளுக்குத் தெரியாதும்மா, அவளைத் திட்டாதீங்க. பயந்துக்குவாளேன்னு நாந்தான் மறச்சேன்."

டாக்டரம்மா ஒரு வாரம் என்று எழுதினார். சும்மா இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். செங்கேணியால் முடியவில்லை.

"பன்னண்டு நாளு டாக்டரம்மா," என்றாள். "எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். இன்றைக்கே ஸ்கேன், கட்டி வளர்ந்திருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கரண்ட் என்றார்.

பாண்டுரங்கன் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கே ஒரு வாரமாத்தான்மே தெரியும்," என்றான்.