தீயில் வைத்த குழல்

என் தாய்மாமன் எங்கள் துப்பாக்கியைக் கெடுத்த கதையை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் கிடைத்ததில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு வீட்டில் மதிப்புள்ளதாக இருந்த ஒரே வேலையை அவர் ஒரு மத்தியானத்தில் ஒழித்துக்கட்டினார்.

அப்பாவின் துப்பாக்கிக் குழலைத் துடைப்பதுதான் அந்த வேலை. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஆற்றோரம் எங்களுக்குக் கரும்பும் வாழையும் இருந்தன. இருட்டினால் காட்டுப்பன்றி இறங்கிவிடும். அதை விரட்டத் தாத்தா காலத்தில் லைசன்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று பீரோவில் இருந்தது. வெடித்த பிறகு குழலின் உட்புறத்தில் கரி பிடித்துக்கொள்ளும். அப்பா குழலைத் தனியாகக் கழற்றித் தருவார். வாசல் கறிவேப்பிலை மர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வேன். நீளக் கம்பியின் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுப்பேன். அவசரப்படக் கூடாது, சுரண்டவும் கூடாது. கரி ஊறித் தானாக விட வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வந்தபின் தையல் மெஷின் எண்ணெய். கடைசியில் குழலை வானத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உள்ளே வட்டம் வட்டமாக வெளிச்சம் ஓடும். அப்பாவும் வாங்கிப் பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்குது சாமி” என்பார். பள்ளிக்கூடத்தில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வராது.

அந்த வருடம் கரும்பு வெட்ட ஆலையிலிருந்து உத்தரவு வந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் தோட்டத்துக்கு வரும் வண்டித் தடத்தின் குறுக்கே கம்பிவேலி போட்டுவிட்டார். அந்தத் தடம் தன் பங்கு என்றார். கரும்பு ஏற்ற வண்டி வருவதற்கு வேறு வழியே இல்லை. பேசப் போன அப்பா, சட்டைப் பை கிழிந்து திரும்பி வந்தார். நின்ற நிலையில் கரும்பு காய ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அப்பா யாரோடும் பேசவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டுத் தினமும் குழலைத் துடைக்கச் சொன்னார். பன்றி வராத நாளிலும் சொன்னார், வெடிக்காத நாளிலும் சொன்னார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. துடைத்த குழலைத் துப்பாக்கியில் பூட்டி, அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, பெரியப்பா வீட்டைப் பார்த்தபடி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பன்றி இப்போது அந்தப் பக்கமாக வருகிறது போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். அம்மா அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அப்பா வக்கீலைப் பார்க்க நாமக்கல் போயிருந்த ஒரு நாளில் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக். அம்மாதான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, துப்பாக்கியில் கார்பன் அடைத்திருக்கிறதாம், எடுத்துத் தருகிறேன் என்றார். பீரோ பக்கமே போகாத அம்மா, சாவியைத் தானே எடுத்து வந்து கொடுத்தார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். முந்தின நாள் சாயங்காலம்தான் துடைத்திருந்தேன், உள்ளே பொட்டுக் கரி கிடையாது. எடுத்துச் சொன்னேன். ஒரு மனுஷியாக மதித்து யாரும் காதில் வாங்கவில்லை.

மொபெட்டில் சைலன்சர் அடைத்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் அதைக் கழற்றித் தீயில் போட்டு எரிப்பார்கள். உள்ளே இருக்கும் கரி எரிந்து உதிர்ந்துவிடும். மாமா துப்பாக்கிக்கும் அதே வைத்தியத்தைத்தான் செய்தார். நான் உட்காரும் அதே மரத்தடியில் கொட்டாங்குச்சியையும் மட்டையையும் குவித்துக் கொளுத்தி, குழலை நடுவில் வைத்துவிட்டார்.

“மாமா, அது சைலன்சர் இல்லீங்க” என்று கத்தினேன்.

“எல்லாம் இரும்புதான் அம்மிணி” என்றார், தீயை விசிறிக்கொண்டே.

அம்மாவிடம் ஓடினேன். அப்பா வந்தால் கொன்றுவிடுவார், மாமாவை நிறுத்தச் சொல்லுங்கள் என்று அழுதேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கையில் சில்லறையைத் திணித்தார். “கடைக்குப் போயி கருவேப்பில வாங்கிட்டு வா சாமி.” வீடு பற்றி எரிகிறபோது இவருக்குக் குழம்புத் தாளிப்பு கேட்கிறதே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது குழல் சிவந்து கிடந்தது. மாமா அதை இடுக்கியால் தூக்கி மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். பிறகு சாம்பல் உதிர வேண்டுமென்று துணி துவைக்கும் கல்லில் ஓங்கித் தட்டினார். ஆறியதும் எடுத்து வானத்தைப் பார்த்தேன். வட்டம் இல்லை. தேங்காய்க் கீற்று மாதிரி ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்த அப்பாவும் அதைத்தான் பார்த்தார்.

“என்ன மாப்ள பண்ணி வெச்சிருக்கறே?”

“சைலன்சருக்கு இப்பிடித்தானுங்க மச்சான் பண்ணுவோம். இதுக்கும் அதேதான்னு நெனச்சுப்போட்டனுங்க.”

அப்பா தொண்டை கட்டும் வரை திட்டினார். மாமாவின் படிப்பை, தொழிலை, அம்மா பிறந்த வீட்டை, ஒன்றையும் விடவில்லை. மாமா தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டார். திட்டி முடித்தவர் திடீரென்று கட்டிலில் உட்கார்ந்து, கோணல் குழலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். என்னைப் போலவே குழலுக்காகத்தான் அழுகிறார் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அன்றைக்கு அம்மா மாமாவுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார். ஈரல் முழுக்க அவர் தட்டுக்கே போனது. பல நாளுக்குப் பிறகு அம்மாவும் வயிறாரச் சாப்பிட்டார். அந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு நான் பட்டினியாகப் படுத்தேன். வெடித்தால் வெடிக்கிற ஆளையே கொன்றுவிடும் என்று நாமக்கல்லில் துப்பாக்கிக் கடைக்காரர் சொல்லிவிட, அப்பா அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். சர்வேயர் வந்து, ஊர் கூடி, தடம் திறப்பதற்குள் பாதிக் கரும்பு சருகாகிவிட்டது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ள அதற்கும் மேல் சில வருடங்கள் ஆயின. மாமா எடுத்து வந்த தீபாவளிப் பாவாடையை நான் தொடவே இல்லை.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கிடாவெட்டு. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பெரியப்பா நன்றாகத்தான் இருக்கிறார், பல்கூட விழவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டே எதிர் வரிசையிலிருந்த மாமாவைப் பார்த்து, “ஏப்பா சைலன்சரு, கறி வெந்துருச்சா, இன்னும் தீயில போடோணுமா?” என்றார். பந்தியே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அப்பா மட்டும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஷாஃப்ட்டில் தேவையில்லாமல் சூடு பட்டால் இரும்பு பதம் கெட்டுப்போகும் என்று பட்டறையே அதிர இந்த மாமா சத்தம் போட்டதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஆளா தெரியாமல் செய்தார்? யாருடைய உயிருக்காக இந்தப் பட்டப்பெயரை இத்தனை வருடமாகச் சுமக்கிறாரோ, அவரே உட்கார்ந்து கறி தின்றுகொண்டு கேலி செய்கிறார். எழுந்து கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்த அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

குனிந்து இலையைப் பார்த்தேன். ஓரத்தில் நான் ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலை கிடந்தது. அன்றைக்கு அம்மா சொன்னார் என்று அழுதுகொண்டே கடைவரை போய் வாங்கி வந்தேன். மாமா மூட்டிய தீ எங்கள் கறிவேப்பிலை மரத்தடியில்தான் எரிந்துகொண்டிருந்தது.