கண்ணை மூடிக்கிட்டாக

ஜெர்மனிச் சண்டை மறுபடி மூண்ட வருஷம், உத்தமபாளையம் வீட்டில் முகம் கழுவும்போது கையிலிருந்த செம்பு நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன். கை வரவில்லை. பக்கவாதம் (மூளையின் ரத்த ஓட்டம் தடைபட்டு, உடம்பின் ஒரு பாதி செயலிழப்பது).

கோபித்துக்கொண்டு போன மருமகனைப் போல முறுக்கிக்கொண்டே கையும் காலும் திரும்பி வந்தன. இமைகள் வரவில்லை. மூடினால் மூடியதுதான். 'திற' என்று உள்ளே கத்துவேன். புருவம் ஏறும், நெற்றி சுருங்கும், இமை அசையாது.

பெரியகுளத்து டாக்டர் விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தார். "தசையில குத்தமில்ல. மூளை சொல்றது அங்கன போய்ச் சேரல."

"எப்பச் சேரும்?"

"சொல்லத் தெரியல."

புத்தகம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இனி வாசிக்க முடியுமா என்பதே என் கவலை. வந்தவர்கள் கவலை வேறு: "கண்ணத் தொறந்து பேசுனா கொறஞ்சா போயிருவீக?"

என் மனைவி, குச்சனூரில் இருக்கும் தன் அண்ணனுக்கு ஒரு வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினாள்: "அவுக கண்ணை மூடிக்கிட்டாக, தொறக்க மாட்டேங்கிறாக." பின்பாதி வழியில் விழுந்துவிட்டது. முன்பாதியும் தேய்ந்து, "கண்ணை மூடிட்டாக" என்று போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வாசலில் ஒப்பாரி. மனைவி தண்ணீருக்குப் போயிருந்தாள். மச்சான் மாலையோடு வந்து என் கட்டிலில் விழுந்து அழுதார்.

"மச்சான், நான் இருக்கேன்."

அழுகை நின்றது. அலறல். அப்புறம் கோபம். "இருக்கிறவுக கண்ணத் தொறந்து தொலைக்கிறது, மாப்ளே! தாலியறுக்கிற தங்கச்சிக்குன்னு கோடிச் சேல வேற எடுத்துட்டு வந்துட்டேன். இத இனி யாரு கட்டுறது?"

வந்த எரிச்சலில் படீரென்று தலையில் அடித்துக்கொண்டேன். இமைகள் இரண்டும் திறந்தன. எதிரே மச்சானின் வாயும் திறந்திருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அடிக்க வேண்டாம், புருவத்தின் மேல் விரல் வைத்தாலே சிலருக்குத் திறக்கும் என்றார். திறந்தது. இதே தொல்லையில் இருப்பவர்கள் நெற்றியை, கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

திறந்த இமையும் நிலைப்பதில்லை. நாலு வரியில் விழுந்துவிடும். மறுபடி விரல். முன்பெல்லாம் நாளுக்கு ஒருமுறை கண்விழித்தேன். இப்போது பக்கத்துக்கு ஆறு முறை விழிக்கிறேன். ஒரு புத்தகம் முடிய ஒரு மழைக்காலம் ஆகிறது.

முடிகிறது.