பின்வாசல் டப்பில் ஊறிய முட்டைகள்

ஆம்பூரில் ஹெலனின் பீரோவைத் திறந்தால் சேலைக்கு ஒரு மீன் துள்ளி விழும். சரி, துள்ளாது, பக்கத்து வீட்டுக் கிழவி நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொல்லிவிட்டேன். ஆனால் அவளுடைய கல்யாணப் பட்டுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், ஈரத் தேங்காய் நார்த்தூளில் கில்லி மீன் முட்டைகள் மாசக்கணக்கில் தூங்கியது நிஜம்.

கில்லி என்றால் சுண்டுவிரல் நீள மீன். மழைக்குட்டையில் பிறந்து, குட்டை வற்றினால் செத்துப்போகிற இனம். முட்டை மட்டும் சேற்றில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரியும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற ஹெலன், வேலை விட்டு வந்தால் முகம் கழுவுவதற்கு முன்னால் தொட்டியருகே போய் நிற்பாள். நீலமும் சிவப்புமாய் மினுங்கிய ஆண் மீன்களும் சாம்பல் நிறப் பெண் மீன்களும் இந்தக் கோடையில் ஒவ்வொன்றாய் மல்லாந்துவிட்டன. அவற்றின் ஆயுசே அவ்வளவுதான். மிச்சம் அந்த ஒரு கவர். அது போனால் வம்சமே போச்சு.

ஒரு சனிக்கிழமை கவரைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். முட்டைக்குள்ளிருந்து குட்டிக் கண்கள் அவளைத் திருப்பிப் பார்த்தன. இனி நனைக்க வேண்டியதுதான். அந்தத் தெருவில் டேனரிக் கழிவு இறங்கிய போர்வெல் தண்ணீரை நம்பி யாரும் மீன் விடுவதில்லை. பின்வாசல் நிழலில் கிடந்த அகல டப்பைத் தேய்த்துக் கழுவி, டிரம்மில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றி, நாரைக் கொட்டினாள். பொரிகிற குஞ்சுகளுக்குத் தீனி வேண்டுமே. பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் வாங்க எதிர்வீட்டுத் தூபாவிடம் போனாள். வாங்கியது ஒரு சொம்பு. பேசியது ஒரு குடம்.

திரும்பி வந்தால் பின்வாசல் சிமெண்டில் ஈரக் காலடிகள். கொடியில் நனைந்த துண்டு. ஹெலன் சொம்பைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் தேவசகாயம் டேனரியில், தோலை நீலமாக்கிப் பதப்படுத்தும் குரோம் ரசாயன டிரம்மில் வேலை பார்க்கிறவர். அந்த வாடை வீட்டுக்குள் வரக்கூடாது என்று, கல்யாணமான நாளிலிருந்து பின்வாசல் டப்பில் கைகால் கழுவிவிட்டுத்தான் படி ஏறுவார். முட்டை ஞாபகத்தில் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

"இன்னாங்க, எதுல கை கழுவுனீங்க?"

"எதுல கழுவுவேன்? டப்புலதான். நீதான ரொப்பி வெப்ப. இன்னிக்கு இன்னா, டீத்தூள கொட்டி வெச்சிருக்க?"

அவள் டப்பருகே குனிந்தாள். டப்பின் ஓரத்தில் தண்ணீர் லேசாய் நீலம் பாரித்திருந்தது. வானமா, அவர் கையிலிருந்து இறங்கியதா, தெரியவில்லை. வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி மொண்டு பார்த்தாள். எதுவும் அசையவில்லை. துணியில் நாரை வடிகட்டி, டிரம்மின் அடியில் மிச்சமிருந்த மழைத்தண்ணீரைக் காலித் தொட்டியில் ஊற்றி அதில் போட்டாள். அவசரத்தில் பாதி நார் தரையில் சிந்தியது. அதையும் விரலால் வழித்து எடுத்தாள்.

தேவசகாயம் பக்கத்தில் வந்து குந்தினார். "செத்துடுச்சா?"

"தெர்ல."

"கைதான கழுவுனேன்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் நீலம், விரலிடுக்கில் வெடிப்பு. ஒரு தரம் கழுவின தண்ணீருக்கு மீன் சாகுமென்றால், தினம் அதிலேயே ஊறுகிற கை? நினைப்பை உதறப் பார்த்தாள், அது போகவில்லை. அவருக்கும் அதே நினைப்புதான் போல. கைகளை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டார்.

"கம்பெனியில கிளவுஸ் குடுக்கறாங்க. வேர்க்குது, பேஜாரு, போடறதில்ல" என்றார், யாரும் கேட்காமலே.

இருவரும் டிவி போடவில்லை, காபி போடவில்லை. பொழுது சாயும் நேரம், நாருக்கு ஓரமாய் ஒரு கண்ணிமை மயிர் நகர்ந்தது. அதற்கு இரண்டு கண் இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தேவசகாயம் மூச்சை விட்டார்.

இப்போது அந்தத் தொட்டியில் ஐம்பது குஞ்சுகள் கும்மாளம் போடுகின்றன, குரோம் தண்ணீர் குடித்துப் பிறந்த வீரர்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதைக் கேட்ட ஹெலன், உள்ளே படுத்திருந்த புருஷனை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்பது இல்ல ஆயா, பதினொன்னு. அதுலயும் நாலு குஞ்சு மேல எழும்பாம அடியிலயே இழைஞ்சிக்கினு கெடக்குது. முட்டை ஜாஸ்தி காஞ்சதாலயா, அந்தத் தண்ணியாலயா, தெர்ல. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தூங்குதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."