நவமணியின் வலது கன்னம்

நவமணிக்கு அந்த வலி முதன்முதலாக வந்தது மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது. பீடோங் டவுனுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு வீட்டில் அவளும் கணவர் ராமையாவும் குடியிருந்தார்கள். அங்கிருந்து கையுறைத் தொழிற்சாலைக்குப் பதினைந்து நிமிடம்தான். பதினோரு வருடமாக ஓட்டிப் பழகிய பாதை. அன்று காலை எதிர்க்காற்று கன்னத்தில் பட்டதும், காதோரத்திலிருந்து மேலுதடு வரை யாரோ கரண்டுக் கம்பியை இழுத்தாற்போல இருந்தது. மோட்டாரை ஓரங்கட்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றவும் பயந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அரை நிமிடம்கூட இருக்காது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது.

அடுத்த தடவை பல் விளக்கும்போது வந்தது. அதற்கடுத்து சோறு மெல்லும்போது. ஒரு மாதத்தில் நாளைக்குப் பத்துத் தடவையாகிவிட்டது. பல்தான் காரணம் என்று அவளே முடிவு செய்துகொண்டு டவுனில் இருந்த பல் கிளினிக்குக்குப் போனாள். வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து அதற்குப் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். மூன்றாவது தடவை போனபோது பல் டாக்டர், சீனப் பெண், விளக்கடியில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்தப் பல்லுல ஒண்ணும் இல்ல, அக்கா. நல்ல பல்லு," என்றார் மலாயில்.

"நல்ல பல்லா இருந்தா என்ன? எடுத்துடுங்க," என்றாள் நவமணி.

எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை முகம் கழுவக் குனிந்தபோது, பல்லே இல்லாத இடத்தில் வலி வெட்டியது. குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. எழுந்து குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

ராமையா தோட்டத்தில் செம்பனைப் பழ லாரி ஓட்டுபவர். அதிகம் பேசாத மனிதர். மனைவி பேச்சைக் குறைத்தபோது முதலில் கோபம் என்றுதான் நினைத்தார். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் என்னா பண்ணேன், மணி? சொன்னாத்தானே தெரியும்," என்று கேட்டார். அவள் கன்னத்தைத் தொடாமல் விரலால் சுட்டிக்காட்டினாள். பேசினால் வலிக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. அதிலிருந்து இரவுச் சோற்றைக் குழைய வடித்து, பருப்பை மசித்து அவரே பிசைந்து வைப்பார். சுவரில் மாட்டியிருந்த மின்விசிறியைக் கழற்றி அறையின் மறுபக்கம் மாட்டினார். அவரும் வியர்வையில் புரண்டுதான் தூங்கினார்.

அவருடைய அக்கா மருதம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கன்னத்துல ஒரு வீக்கம் இல்ல, ஒரு காயம் இல்ல. வேலைக்கு மட்டும் போவுறா. வீட்டுல வாயத் தொறக்க வலிக்குதாம்லா," என்று சொந்தக்காரர்களிடம் சொன்னது நவமணியின் காதுக்கும் வந்தது. பதில் சொல்ல நிறைய இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மலாய் டாக்டர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, காற்று பட்டால் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஒரு தாளில் முகம் வரைந்து, காதுக்குப் பக்கத்திலிருந்து மூன்று கிளையாகப் பிரியும் நரம்பைக் காட்டினார். தலைக்குள்ளே ஒரு இரத்தக்குழாய் அந்த நரம்பை உரசிக்கொண்டிருக்கலாம் என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது.

"அப்ப பல்லு?" என்று நவமணி கேட்டாள்.

"பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பாவம், நிறைய பேர் இப்படித்தான் பல்லை எடுத்துட்டு வர்றாங்க."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளை மடித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தன் வலிக்கு ஒரு காரணம் இருக்கிறது, தான் நடிக்கவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். வீணாகப் போன மூன்று பல் ஒரு பக்கம்.

இரத்தம் சோதித்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரமே வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் மாதம் போகப்போக மாத்திரையைக் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டக் கூட்டத் தலை சுற்றியது. நடந்தால் தரை சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி பெயர் வாயில் வராமல் நின்றது. தொழிற்சாலையில் அவளுக்குக் கிழிந்த கையுறையைக் கண்டுபிடித்துத் தள்ளும் வேலை. ஒரு நாளில் இரண்டு பெட்டி கிழிசலை நல்லது என்று விட்டுவிட்டாள். சூப்பர்வைசர் திட்டவில்லை, கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார். அங்கே ஈரத்தரையில் விழுந்து மணிக்கட்டு பிசகியது. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டாள்.

ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, நரம்பையும் குழாயையும் பிரித்து வைப்பார்கள். காது கேட்காமல் போகலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம். "தலையத் தொறக்குறதுனா சும்மாவா?" என்றார் ராமையா. அவர் பயந்ததைவிட அவள் அதிகம் பயந்தாள். தேதி கொடுத்தார்கள். தள்ளிப் போட்டாள். மறுபடி கொடுத்தார்கள். மறுபடியும் தள்ளிப் போட்டாள்.

அப்படித் தள்ளிப் போட்டிருந்த ஒரு மாசி மாதத்தில், எண்ணெய் மில்லில் பழம் இறக்கிவிட்டு லாரிப் படியில் உட்கார்ந்த ராமையா அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

சவப்பெட்டியைக் கூடத்தில் இறக்கியபோது நவமணி "ஏங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல்லுக்கே வலி வந்துவிட்டது. உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அதன்பிறகு திறக்கவில்லை. துண்டை முகத்தில் படாமல் தலையில் போட்டுக்கொண்டு, பெட்டிப் பக்கத்தில் நேராக உட்கார்ந்திருந்தாள். அழுதால் கன்னம் அசையும், அசைந்தால் வெட்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் கை போகவில்லை. சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் அழுதார்கள். கட்டியவள் மட்டும் வாய் மூடி இருந்தாள்.

"முப்பது வருசம் சோறு போட்டவன் கெடக்கிறான். ஒரு சத்தம் வருதா பாரு. கல்லு," என்றாள் மருதம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

பினாங்கிலிருந்து வந்திருந்த மகள் தேவகி எழுந்து அத்தைக்கு முன்னால் போய் நின்றாள். "அத்தை, அம்மாவால அழ முடியாது. அழுதா வலி வரும். அப்பாவுக்குத் தெரியும், அவரு ஒங்ககிட்ட சொல்லல?"

மருதம்மாள் நம்பியதாகத் தெரியவில்லை.

வாய்க்கரிசி போடும்போது நவமணி குனிந்தாள். அந்த நேரம் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து வெட்டு. அரிசி கையிலிருந்து சிந்தியது. கன்னத்தைத் தொடாமல் அதற்கு நேராகக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். இப்போதுதான் புருஷனுக்காக அழுகிறாள் என்று சிலர் நினைத்திருக்க வேண்டும். ஒரு பெண் வந்து தோளைப் பிடித்து அணைத்தாள். அந்தப் பெண்ணின் முடி கன்னத்தில் உரசியது. நவமணி அவளைத் தள்ளிவிட்டாள்.

அந்தத் தள்ளலைப் பற்றிச் சொந்தத்தில் வெகுநாள் பேசினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, தேவகியிடம் ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னாள். "இனிமே எனக்கு என்னா ஆனா என்னா. தேதி கேளு," என்றாள். பயம் போய்விட்டது என்பதல்ல. அவளுக்காகப் பயப்பட ஒருவர் இருந்தார், இப்போது இல்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. கண் விழித்தபோது வார்டு மிஸ்ஸி, நர்ஸ், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நவமணி உடம்பை விறைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வலது காதும் கேட்கவில்லை. டாக்டர் வருத்தத்தோடு அதைச் சொன்னபோது அவள் பரவாயில்லை என்று கையசைத்தாள்.

பத்தொன்பது மாதம் வலியில்லாமல் இருந்தாள். முறுக்கு கடித்துத் தின்றாள். மருதம்மாள் ஒருநாள் வந்து, "இப்ப தேவலையா?" என்று கேட்டாள். தேவலை என்றாள்.

போன டிசம்பரில், தலை வாரும்போது, மேலுதட்டில் சின்னதாக ஒரு சுரீர். சீப்பைப் பிடித்தபடி காத்திருந்தாள். மறுபடி வரவில்லை. மறுநாள் வந்தது. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு தேவகிக்குப் போன் போட்டாள்.

"திரும்ப வந்துருச்சுலா."

"எவ்வளவு, ம்மா?"

"முன்ன மாதிரி இல்ல. மாத்திர போட்டா கேக்குது."

இப்போது காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று. தலை லேசாகச் சுற்றும், அதனால் மோட்டாரை விற்றுவிட்டாள். வீட்டிலிருந்தபடி ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாள். அடுத்த ஸ்கேனுக்கு ஏழு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது.