இருநூறு அரைக்கைகள்

சட்டைக் கம்பெனியின் கட்டிங் அறையில் அவளுக்குப் பெயர் மின்னல். மின்கத்தியைப் பிடித்தாளானால் நூறு அடுக்குத் துணியும் ஒரே மூச்சில் பிளக்கும். பத்து வருஷத்தில் ஒரு பிசகு கிடையாது. ஆனாலும் ஆங்கிலம் வராததால் சூப்பர்வைசர் வேலை கைநழுவிக்கொண்டே போனது. மானேஜர் ஒருவழியாக இறங்கி வந்தார்: மொத்தமாகச் சட்டை வாங்க வரும் வெளிநாட்டு அம்மாளிடம் இவளே ஆங்கிலத்தில் பேசிக் காட்டினால் வேலை இவளுக்கு.

விடுவாளா? மகளையே டீச்சராக்கி ஆங்கிலப் பழமொழிகளைப் பொறுக்கினாள். அதிலும் நடந்ததை மாற்ற முடியாது என்று சொல்பவை அவளைக் கிறுக்குப் பிடிக்க வைத்தன. சிந்திய பாலுக்கு அழாதே. கலக்கிய முட்டை பிரியாது. அடித்த மணியை அடிக்காததாக்க முடியாது.

"கறந்த பால் மடியேறுமான்னு நாம கேக்குறதுதானேடி! இவங்க என்ன, பாலைக் கொட்டி, முட்டையை ஒடைச்சு, அடுப்படியையே நாசம் பண்ணிட்டாங்க!"

வந்தது அந்த நாள். வாசலில் அம்மாளின் கார் நின்றபோது மின்னல் வெட்டி முடித்திருந்தாள். வெட்டிய சட்டைக்கை ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்தாள். முழங்கையோடு நின்றுவிட்டது! முழுக்கைச் சட்டைக்கு, பக்கத்து ஆணியில் தொங்கிய அரைக்கை அளவு அட்டையை வைத்து வெட்டியிருக்கிறாள். நூறு சட்டை, இருநூறு கை.

மானேஜர் காதைக் கடித்தார். "அட்டையை மாத்தி மாட்டினது நேத்து ஷிப்டுன்னு சொல்லிடும்மா."

"வெட்டினது நான் சார்."

நேரே அம்மாளிடம் போனாள். "நான் பால் கொட்டிவிட்டேன். முட்டை கலக்கிவிட்டேன். மணியும் அடித்துவிட்டேன்!" தெரிந்த பழமொழி அத்தனையும் கொட்டியாயிற்று. அம்மாள் திருதிருவென்று விழித்தாள். அரைக்கைக் குவியலைக் காட்டியதும் முகம் இறுகியது.

மின்னலுக்கு ஆவேசமே வந்துவிட்டது. "உங்கள் ஊரில் அழாதே என்கிறீர்கள், சரி. துடைப்பது யார்? நான் துடைக்கிறேன். முழுக்கை சாயங்காலத்துக்குள் தயார். இதெல்லாம் அடுத்த வாரத்து அரைக்கைச் சட்டைக்கு. அதே துணிதான்!"

அம்மாள் மானேஜர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். "அழாதேன்னு சொல்ல எங்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. துடைக்கிறேன்னு சொன்னவங்களை இப்பதான் பாக்குறேன். இனிமே என்கிட்ட இவங்களே பேசட்டும்."

மானேஜருக்கு வேறு வழி? "கேட்டீங்களா, சூப்பர்வைசரம்மா?" என்றார்.

அவள் எங்கே கேட்டாள்! முழுக்கை அட்டையைத் தோளில் வைத்து, ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்துகொண்டிருந்தாள்.