ஜாலான் புசாரில் கட்டிய எக்ஸ்டி

போன தலைமுறை மதர்போர்டு வாங்கிக் கணினி கட்டலாமா என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். தாராளமாகக் கட்டலாம். எண்பதுகளின் கடைசியில் ஜோகூரிலிருந்து சிங்கப்பூர் போய்க் கட்டி வந்தவன் நான். என் மனைவி ரெஜினா, எங்கள் மாதா கோயிலின் ஆங்கிலத் திருவிழா மலரைத் தட்டச்சு செய்து தருவதாகப் பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை. திங்கட்கிழமைக்குள் கணினி வராவிட்டால் அந்த வேலை அச்சகத்துக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை 170 பஸ்ஸில் கிளம்பினோம். ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பச்சைத் திரை மானிட்டரும் அதைக் கணினியோடு இணைக்கும் கார்டும் மடியில். குவீன் ஸ்திரீட்டில் இறங்கி ஜாலான் புசார் ஓட்டலுக்குக் கால் மணி நேர நடை. சும்மாவா, என் கை கழன்றுவிட்டது. மானிட்டரை அறையில் வைத்துவிட்டு, சிராங்கூன் ரோட்டில் தோசை தின்றுவிட்டுக் கடைக்குப் போனோம்.

அப்போது 286 என்ற புது ரகக் கணினி வந்து எல்லாரும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரச் சீனர் என் சட்டையைப் பார்த்தே கையில் காசு குறைவு என்று புரிந்துகொண்டார் போல.

“டைப் பண்ணத்தானே? எக்ஸ்டி போதும்லா, பாஸ்,” என்றார் மலாயில்.

எக்ஸ்டி என்றால் 286-க்கு முந்தைய ரகம், பாதி விலை. பத்து மெகாஹெர்ட்ஸ் டர்போ போர்டு, 640 கே நினைவகம், ஒரு பிளாப்பி டிரைவ். அந்தக் கடைகளில் பெட்டியில் கட்டித் தருமுன் மேசையிலேயே ஓட்டிக் காட்டுவது வழக்கம். அவருடைய கலர் மானிட்டரில் எழுத்து பளபளத்தது.

“ஞாயிறு கடை இல்லை. காஸ்வே பாலம் தாண்டினா மாத்தித் தர மாட்டேன்,” என்றார்.

அதனால்தான் அன்றைக்கே ஓட்டல் அறையில் எங்கள் மானிட்டரோடு பூட்டிப் பார்த்தோம். ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டி பீப். திரை இருட்டு. கார்டைக் கழற்றி மாட்டினேன், மறுபடியும் அதே பீப். மாலை ஏழரை, கடை மூடியாகிவிட்டது.

“போர்டு போச்சு ரெஜி. நான்தான் எதையோ சுட்டுட்டேன்.”

அவள் கட்டிலில் உட்கார்ந்து பீப்பையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கடையில கலர்லதானே காட்டினாரு? நம்மளுது பச்சைதானே. அது இந்தப் போர்டுக்குத் தெரியுமா?”

தெரியாது. போர்டு ஓரத்தில் குட்டிக் குட்டிச் சுவிட்சுகள் இருந்தன. கலருக்கு எப்படி, ஒற்றை நிற மோனோவுக்கு எப்படி என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. கடைக்காரர் தம் மானிட்டருக்கு வைத்தது அப்படியே இருந்தது. பேனா முனையால் தள்ளினேன். ஒரே ஒரு குட்டி பீப். பச்சை எழுத்து எழும்பி வந்தது. அப்பாடா, அன்றைக்கு விட்ட மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. ரெஜினா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆகவே, பழைய போர்டுக்குப் பயப்படாதீர்கள். கை வலித்தாலும் உங்கள் மானிட்டரைக் கடைக்கே தூக்கிப் போங்கள். எல்லை கடப்பதற்கு முன் ஒரு முறை முழுதாகப் பூட்டிப் பாருங்கள்.

மறுநாள் ஜோகூர் சுங்கத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, “யாரோடது?” என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“என்னோடது,” என்றாள் ரெஜினா. “அவரு தூக்கிட்டு வர்றாரு, அவ்வளவுதான்.”