நகரசபைக் காகிதங்களை வெயிலில் போட்ட நாள்

எங்கள் கரும்புக் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பாதை உண்டு. மாட்டுவண்டி ஒன்று வந்தால், எதிரே வருகிறவர் கரும்புக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான் அதன் அகலம். என் மாமனார் காலத்தில் அங்கிருந்த பெரிய எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றார்கள். கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு வாங்கினார்கள். ஆற்றோரத்து மிச்ச நிலத்தை எஸ்டேட்காரர் நகரசபைக்குக் கொடுத்தார். பாதை எல்லாருக்கும் பொது, அதைச் சபை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, வரைபடத்தில் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

அந்தப் பாதை வழியாகத்தான் எங்கள் கரும்பு, பலான்ஸ் என்று நாங்கள் சொல்லும் தராசு மேடைக்குப் போகும். தைப்பூசத்தன்று ஆற்றில் முழுகிக் காவடி எடுக்கிறவர்களும் அதே வழியில்தான் கோவிலுக்கு வருவார்கள். கான் தெ மாஸ்க் என்ற ஊரிலிருந்து நான் கல்யாணமாகி வந்ததும் அந்தப் பாதையில்தான். வண்டியில் என்னோடு மூன்று கோழிகளும் வந்தன.

புயல் அடித்துக் கரும்பெல்லாம் சாய்ந்து, நாங்கள் மறுபடி நட்டுக்கொண்டிருந்த வருஷம். நகரசபைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வீடுகள் கட்டப்போகிறார்களாம். இடம்: ஆற்றோரம் உபயோகமில்லாமல் கிடக்கும் நிலம். பிரெஞ்சில் இருந்ததை என் கணவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து சொன்னார்.

"உபயோகமில்லாத நிலமா?" என்றார் அக்கா. என் கணவரின் மூத்த சகோதரி அவர். கணவனை இழந்தபின் எங்களோடுதான் இருந்தார். கரும்பு வெட்டுவதில் ஆண்களுக்கு இளைத்தவரில்லை. "அப்போ நான் தினமும் எதுமேல நடக்கிறேன்?"

மறுநாள் அக்காவும் நானும் நகரசபைக்குப் போனோம். ஆவணங்களைப் பார்க்கிற குமாஸ்தா கத்தோலிக்கர். நெற்றியில் திருநீறு இல்லையே தவிர முகம் எங்கள் முகம்தான். வீட்டில் நாங்கள் பேசுவதும் அவர் பேசுவதும் இந்தத் தீவின் பொதுப்பேச்சான கிரியோல். ஆகையால் எல்லாப் பேச்சும் அதிலேதான் நடந்தது.

"பாதை போட்ட வரைபடத்தைப் பார்க்கணும், மிஸ்யே," என்றேன்.

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அப்படி ஒரு பாதை பதிவில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், மாதாம்."

"நீங்கள் தேடிப் பார்த்தீர்களா?"

"தேடக்கூடிய நிலையில் அது இல்லை."

அந்த வாரமே ஆற்றோரத்தில் முளை அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு முளையைச் சரியாகப் பாதையின் நடுவில் அடித்திருந்தார்கள். அக்கா அதைப் பிடுங்கி அடுப்பெரித்தார். அடுத்த நாள் இன்னொன்று வந்தது. அதுவும் எரிந்தது.

சபை கூடும் நாளில் ஊரார் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். பேசக்கூடாது. எங்கள் பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். "வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே" என்று என் கணவர் வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் தலையை ஆட்டவில்லை.

குடியிருப்பு விஷயம் வந்ததும் எழுந்து நின்றேன்.

"ஆற்றுப் பாதை பதிவில் இல்லை என்கிறீர்கள். பதிவேடுகள் எங்கே இருக்கின்றன?"

சபைத் தலைவருக்கு நரைத்த மீசை. முதலில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று நினைத்தவர்போல் திரும்பிப் பார்த்தார். "கேள்வி கேட்க உறுப்பினர்களுக்கு மட்டுமே உரிமை. வெளியார் எழுதித் தரலாம். பிரெஞ்சில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில்."

"எழுதித் தருகிறேன். தந்தால் அதை எங்கே வைப்பீர்கள்?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது முன்வரிசைக்கும் போய்விட்டது. தலைவர் மேசையைத் தட்டினார். வாசலில் நின்ற போலீஸ்காரன் என் பக்கம் நகர்ந்தான். அப்போது உறுப்பினர்களில் ஒருவரான டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"அந்த அம்மாள் கேட்டதை இப்போது நான் கேட்கிறேன். உறுப்பினர் என்ற முறையில். நமது ஆவணங்கள் எங்கே இருக்கின்றன?"

"பத்திரமாக இருக்கின்றன."

"எங்கே என்று கேட்டேன்."

"பின்கட்டில்."

"போய்ப் பார்க்கலாமா?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் பதில் தரப்படும் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அடுத்த கூட்டம் வருவதற்குள் அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில் பெண்கள் எல்லாரும் பின்கட்டுக்குப் போனோம். அங்கே பழைய குதிரை லாயம் ஒன்று இருந்தது. கதவில் பூட்டு. குமாஸ்தா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"நான்கு முறை எழுதிக் கேட்டுவிட்டேன், ஓர் அலமாரி தாருங்கள் என்று. நீங்களே பாருங்கள்," என்றார்.

உள்ளே ரோட்டுக்குப் போடும் தார்ப் பீப்பாய்கள். கூரைத் தகரம் புயலில் பிய்ந்தது பிய்ந்தபடியே இருந்தது. பீப்பாய்களுக்குப் பின்னால், ஈர மண்ணில், துணியில் கட்டிய காகிதக் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் இருந்தவற்றைக் கறையான் தின்றிருந்தது. எங்கள் பாட்டன் பூட்டன் பிறந்த பதிவும் செத்த பதிவும் வேறெங்கோ பத்திரமாக இருக்கும் என்று வையுங்கள். எங்கள் தெரு, தண்ணீர், பாதை எல்லாம் இங்கே அழுகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் சுட்டது.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். "கருவாடாக இருந்தால் இப்படிப் போட்டு வைப்போமா? வெளியே எடுங்கடி."

கட்டுகளைச் சுமந்து வந்து நகரசபையின் முன்முற்றத்தில் பிரித்தோம். அங்கே புல்தரை உண்டு, நடுவில் பூச்செடி உண்டு. காகிதம் காகிதமாகப் பிரித்துப் பரப்பி, காற்று தூக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தோம். எங்கள் காட்டில் கல்லுக்குப் பஞ்சமா? என் கணவரே ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். நேற்று வாயைக் கொடுக்காதே என்றவர், இன்று குனிந்து காகிதங்களின் மேல் கல் வைத்தார்.

சந்தைக்குப் போனவர்கள் நின்றார்கள். காத்ர் போர்ன் ஊரிலிருந்து காய்கறி ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் இறங்கி வேலியோரம் சாய்ந்துகொண்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் குனிந்து படிக்கத் தொடங்கினார்கள். "இது எங்கள் தெருக் குழாய்!" என்று ஒருவர் கத்தினார். உண்மையில் அது வேறு தெருவின் குழாய். ஆனாலும் கத்தினார்.

தலைவர் வந்தார். "இது நகரசபையின் சொத்து. தொடாதீர்கள்!"

"நாங்கள் தொடாவிட்டால் கறையான் தொடும்," என்றேன்.

"உடனே வெளியே போங்கள்."

"மோ பா பூ சொர்த்தி," என்றார் அக்கா. போகமாட்டேன் என்று. சொல்லிவிட்டுப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் காகித வரிசைகளுக்கு இடையில் உட்கார்ந்தார்கள். போலீஸ்காரன் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். எதை மிதித்தாலும் அரசாங்கக் காகிதம்.

பிற்பகலில் மலைப்பக்கமிருந்து மேகம் வந்தது. எங்கள் ஊரில் தூறல் சொல்லிக்கொண்டு வராது. எல்லாரும் எழுந்து ஓடினோம். குமாஸ்தா நகரசபையின் பெரிய கதவைத் திறந்துவிட்டார். கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குள், பளபளக்கும் மேசையின் மேல், நாற்காலிகளின் மேல், தலைவர் நாற்காலியின் மேலும், காகிதங்களைக் கொண்டுபோய் வைத்தோம். வேடிக்கை பார்த்தவர்களும் சுமந்தார்கள்.

வரைபடம் கிடைத்ததா என்று இன்றும் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. கட்டுகளில் பாதி கூழாகிப் போயிருந்தது. அதுவும் அந்தக் கூழில் கரைந்திருக்கும். ஆனால் பதிவில் இல்லை என்ற பேச்சை அதற்குப்பின் யாராலும் எடுக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் டாக்டர் எழுந்து, பதிவைக் காப்பாற்றத் தெரியாத சபை, பதிவில்லை என்று சொல்லி ஒருவருடைய வழியை அடைக்க முடியாது என்றார். எங்கள் பக்கத்துக் கிழவர்களை வரவழைத்து வாக்குமூலம் எழுதினார்கள். வீடுகளைப் பாதைக்கு அப்பால் தள்ளிக் கட்டுவது என்று முடிவாயிற்று.

என்மேலும் அக்காமேலும் வழக்குப் போட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றார் நீதிபதி.

"மறுபடியும் நனைந்தால் மறுபடியும் காயப்போடுவேன், ஐயா," என்றேன். அவர் எங்களை எச்சரிக்கை செய்து அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா, "ஐயா என்று ஏன் சொன்னாய்?" என்று என்னைக் கடிந்துகொண்டே வந்தார்.

குமாஸ்தாவைத்தான் பழிவாங்கினார்கள். அவரைச் சந்தையில் கடைகளுக்கு இடம் ஒதுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நாங்கள் திரண்டு போய்க் கேட்டோம், சபையார் அசையவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

வீடுகள் எழும்பின. வெள்ளைச் சன்னல், சிவப்புத் தகரக் கூரை. குடிவந்தவர்களில் ஒரு சீமாட்டி அறுவடைக் காலத்தில் என்னை வேலியோரம் நிறுத்தினாள். விடிகாலையில் வண்டிச் சத்தம் தாங்கவில்லையாம், வேறு வழியாகப் போகக்கூடாதா என்றாள்.

"பாதை முதலில் வந்தது, மாதாம்," என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினேன்.